எல்லையோரத் தோட்டங்களில் நாய்களைத் தாக்கும் கடும் நோய்களும் காயங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சியிலிருந்து மேற்கே கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் கேரளம் தொடங்கிவிடுகிறது. ஆனால் கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் எங்கும் பேச்சும் தென்னந்தோப்பும் தோட்டத்து நாயும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. இந்தப் பகுதியில் கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகும், நாயைப் பற்றிய கேள்விகளோடு வீட்டு வாசலுக்கு வருபவர்கள் குறையவில்லை. நான் மருத்துவன் அல்லன். மருத்துவர் ஊசி போடும்போது பக்கத்தில் நாயைப் பிடித்துக்கொண்டு நின்றவன். அந்த இடத்திலிருந்து பார்த்ததையும், மருத்துவர்களிடம் கேட்டுத் தெளிந்ததையும் கேள்வி பதிலாக இங்கே எழுதுகிறேன்.

நாய்க்கு உடம்பு சரியில்லை என்பதைச் சாதாரணச் சோர்விலிருந்து எப்படிப் பிரித்து அறிவது?

நலமாக இருக்கும் நாளில் உங்கள் நாயின் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்பதே எல்லோரிடமும் நான் முதலில் சொல்வது. இளஞ்சிவப்பாகவும் ஈரமாகவும் இருக்கும் ஈறை விரலால் அழுத்தி எடுத்தால், வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். ஈறு வெள்ளைத்தாள் போல் வெளுத்திருந்தால் இரத்தம் குறைந்திருக்கிறது அல்லது உள்ளே கசிகிறது என்றும், மஞ்சளாக இருந்தால் கல்லீரலோ இரத்த அணுக்களோ பாதிக்கப்பட்டிருக்கின்றன என்றும், நீலம் பாரித்திருந்தால் மூச்சுக்காற்று போதவில்லை என்றும், செங்கல் நிறத்தில் இருந்தால் உடல் அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கலாம் என்றும் கொள்ளலாம். சில நாய்களுக்குப் பிறவியிலேயே ஈறு கறுத்திருக்கும். அவற்றுக்குக் கீழ் இமையை இழுத்து உட்புறத்தைப் பார்க்க வேண்டும்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும். நம்முடைய 98.4 கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு, தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு செய்பவர்கள் பலர். அதைப் போலவே, மூக்கு காய்ந்திருந்தால் நோய், ஈரமாக இருந்தால் சுகம் என்ற கணக்கையும் நம்ப வேண்டாம். ஐம்பது ரூபாய்க்கும் நூறு ரூபாய்க்கும் யோசிக்காமல் ஒரு வெப்பமானியை நாய்க்கென்றே வாங்கி வைத்து, ஆசனவாயில் வைத்துப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள்.

வெறிநோய் வந்த நாயைக் காப்பாற்ற முடியுமா?

முடியாது. அறிகுறி தெரிந்த பிறகு நாய்க்கும் சரி, மனிதருக்கும் சரி, இது ஏறக்குறைய முழுமையாக உயிரைப் பறிக்கும் நோய். கடிவாயில் நுழைந்த வைரஸ் இரத்தத்தின் வழியாக அல்லாமல் நரம்பின் வழியாக மூளைக்கு மெல்ல ஏறுகிறது. அதனால்தான் கடித்த நாளுக்கும் நோய் வெளிப்படும் நாளுக்கும் இடையே சில வாரங்களோ சில மாதங்களோ கடந்துவிடுகின்றன. அந்த இடைவெளியில் போடப்படும் தடுப்பூசி உயிரைக் காப்பதற்கும் அதுவே காரணம். மூளையை அடைந்த வைரஸ் உமிழ்நீருக்கு இறங்கிவிட்டால், பெரும்பாலும் பத்து நாளைக்குள் நாய் இறந்துவிடும். கடித்த நாயைப் பத்து நாள் கட்டிப்போட்டுக் கவனிக்கச் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். கவனிக்கும் நாள்களில் கடிபட்டவர் ஊசியைத் தள்ளிப்போட வேண்டும் என்று அதற்குப் பொருளில்லை.

வெறிநாய் என்றதும் வாயில் நுரை தள்ளிக்கொண்டு கண்டதையெல்லாம் கடித்துக்கொண்டு ஓடும் நாயைத்தான் நினைக்கிறோம். எல்லைக்கு அந்தப் பக்கம் பேப்பட்டி என்று சொல்வதும் அதைத்தான். ஆனால் அமைதியாகக் கிடக்கும் வெறிநோயும் உண்டு. தாடை தொங்கிப்போய், விழுங்க முடியாமல், மூலையில் ஒடுங்கிக் கிடக்கும் நாயைப் பார்த்து, தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கையை விடுகிறார்கள். ஆவேசமாக ஓடும் நாயைக் கண்டால் மனிதர் ஒதுங்கிவிடுவார்கள். இந்த நாயிடம் இரக்கப்பட்டு நெருங்குவார்கள். அதனால் எனக்கு இதன்மேல்தான் அச்சம் அதிகம். காரணமில்லாமல் குரல் மாறிய, தாடை தொங்கிய, விழுங்க முடியாத எந்த நாயின் வாயிலும் வெறும் கையை விடாதீர்கள்.

எங்கள் நாயை வேறொரு சந்தேகமான நாய் கடித்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

கையுறை போட்டுக்கொண்டு, ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, எருக்கம்பால் எதையும் வைக்க வேண்டாம். பிறகு அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். கடிபட்ட நாய்க்கு 0, 3, 7, 14, 28 ஆகிய நாள்களில் ஊசி போடுவது நம் பகுதியில் வழக்கம். முன்பே ஆண்டுதோறும் ஊசி போட்ட நாயாக இருந்தால் மருத்துவர் அதைக் குறைக்கக்கூடும். மூன்றாம் ஊசியோடு நாய் நன்றாக இருக்கிறதே என்று நிறுத்திவிடுபவர்கள் ஒரு செய்தியை மறந்துவிடுகிறார்கள்: வெறிநோய் ஏறிக்கொண்டிருக்கும் நாளிலும் நாய் நன்றாகத்தான் இருக்கும்.

மனிதருக்கும் முதல் உதவி அதே பதினைந்து நிமிடக் கழுவல்தான். அதன்பின் அரசு மருத்துவமனைக்குச் சென்று ஊசி போட வேண்டும்; தோல் கிழிந்து இரத்தம் வந்த கடியென்றால் காயத்தைச் சுற்றிப் போடும் எதிர்ப்புப் புரத ஊசியும் தேவைப்படும். வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பயத்தில் இன்றும் சில முதியவர்கள் கடியை மறைக்கிறார்கள். ஆட்டு மூளையிலிருந்து தயாரான அந்தப் பழைய மருந்தின் உற்பத்தி இந்தியாவில் 2004-ஆம் ஆண்டின் இறுதியோடு நின்றுவிட்டது. இப்போது புஜத்தில் போடுகிறார்கள். நான்கு நாள்கள் போய்வந்தால் முடிந்துவிடும்.

குட்டிக்கு இரத்தமாக வயிற்றுப்போக்கு போகிறது. இளநீரும் மோரும் கொடுத்துப் பார்க்கலாமா?

ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரையுள்ள குட்டி, உண்ண மறுத்து, வாந்தியெடுத்து, பொறுக்க முடியாத நாற்றத்தோடு இரத்தக் கழிச்சல் போனால், வேறு காரணம் தெரியும்வரை அதைப் பார்வோ என்றே கருதுங்கள். இந்த வைரஸ் 1978-ஆம் ஆண்டில்தான் நாய்களிடம் உலக அளவில் வெளிப்பட்டது. தாத்தா காலத்தில் இல்லாத நோய்க்குத் தாத்தா காலத்து மருந்தைத் தேடுவதில் பயனில்லை. குடலின் உள்பூச்சை வேகமாக அழித்துவிட்டு, எலும்பு மச்சையில் வெள்ளணுக்கள் உருவாவதையும் இது தடுக்கிறது. நீர் ஒரு புறம் வெளியேற, கிழிந்த குடல் வழியாகக் குடல் பாக்டீரியாக்கள் இரத்தத்தில் கலக்க, எதிர்த்துப் போராட அணுக்களும் இல்லாமல் குட்டி இரண்டு மூன்று நாளில் சுருண்டுவிடுகிறது.

வாயால் ஊற்றும் இளநீர் வாந்தியாகத் திரும்பி வரும். சில நேரம் நுரையீரலுக்குள்ளும் போய்விடும். அந்தக் குட்டிக்குத் தேவை காலில் நரம்பு பிடித்து ஏற்றும் குளுக்கோஸும் உப்பு நீரும், வாந்தியை நிறுத்தும் ஊசியும், கிருமியைக் கட்டுப்படுத்தும் மருந்தும்தான். வைரஸைக் கொல்லும் மருந்து பெரிதாக எதுவும் கிடையாது. குட்டியின் உடல் தானே தேறும்வரை உயிரைத் தாங்கிப் பிடிப்பதே சிகிச்சை. முதல் நாளே கொண்டு வந்து தொடர்ந்து ஏற்றப்பட்ட குட்டிகளில் பெரும்பாலானவை பிழைக்கின்றன. மூன்றாம் நாள் சாக்கில் சுற்றிக்கொண்டு வரப்படும் குட்டிகளைப் பற்றி நான் எழுத விரும்பவில்லை.

தடுப்பூசி போட்ட குட்டிக்கும் பார்வோ வருகிறதே?

வருவதுண்டு, காரணம் பெரும்பாலும் ஊசியில் இல்லை, நாள் கணக்கில் இருக்கிறது. தாயின் சீம்பாலில் கிடைத்த எதிர்ப்பு ஆற்றல் குட்டியின் இரத்தத்தில் இருக்கும்வரை, அது தடுப்பூசியையும் சேர்த்து முடக்கிவிடுகிறது. அந்த ஆற்றல் எந்த வாரம் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, பதினாறு வாரம் முடியும்வரை போடச் சொல்கிறார்கள். சந்தையில் விற்பவர் “ஊசி போட்டாச்சுங்க” என்று சொல்வது முதல் ஊசியை மட்டும்தான். வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில் தனியாகப் போட வேண்டும். ஒரு மாதம் கழித்து ஒன்று, அதன்பின் ஆண்டுதோறும் ஒன்று.

டிஸ்டெம்பர் என்பதும் பார்வோ போன்றதுதானா?

இல்லை. இது மனிதரின் தட்டம்மை வைரஸுக்கு உறவுக்கார வைரஸ். காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் சீழ் போன்ற ஒழுக்கு, இருமல், கழிச்சல் என்று தொடங்கி, தேறியதுபோல் தோன்றும் நேரத்தில் நரம்பு மண்டலத்தைத் தாக்குகிறது. பல்லை மென்றுகொண்டே வரும் வலிப்பு, உறக்கத்திலும் நிற்காமல் ஒரு காலோ கன்னமோ துடிப்பது, உள்ளங்கால் மெத்தை தடித்துச் செருப்புத் தோல் போல் ஆவது ஆகியவை இதன் அடையாளங்கள். பிழைக்கும் நாய்களில் சிலவற்றுக்குத் துடிப்பு ஆயுள் முழுக்க நீடிக்கும். அப்படித் துடித்துக்கொண்டே எட்டு ஆண்டு காவல் காத்த ஒரு நாயை ஆனைமலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பார்த்திருக்கிறேன். ஆகவே துடிப்பை மட்டும் கண்டு கருணைக்கொலைக்கு அவசரப்பட வேண்டியதில்லை.

நம் பகுதிக்கு இந்த நோயில் கூடுதலான பொறுப்பு ஒன்று இருக்கிறது. சேத்துமடையைத் தாண்டினால் ஆனைமலை, பறம்பிக்குளம் புலிகள் காப்பகங்கள். அங்கே திரியும் செந்நாய்களுக்கும் இந்த வைரஸ் ஒட்டும். 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்கள் அடுத்தடுத்து இறந்தபோது, இறந்தவை சிலவற்றில் இதே வைரஸ் கண்டறியப்பட்டது. காட்டோரத்தில் தோட்டம் வைத்திருப்பவர் தம் நாய்க்குப் போடும் ஊசியின் பயன் வேலிக்கு அப்பாலும் போய்ச் சேருகிறது.

உண்ணி கடித்தால் நாய் இறந்துபோகுமா?

உண்ணி குடிக்கும் இரத்தத்தை விட, அது உள்ளே விடும் கிருமிதான் கொல்கிறது. இந்தப் பகுதியில் ஆண்டு முழுவதும் மருத்துவமனைக்கு வரும் நாய்களில் மெலிவு, விட்டுவிட்டுக் காய்ச்சல், வெளுத்த ஈறு, மூக்கிலிருந்து இரத்தம், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் என்று வருபவை பெரும்பாலும் உண்ணிக் காய்ச்சல்தான். எர்லிக்கியா என்ற கிருமி இரத்தத் தட்டணுக்களைக் குறைத்து உறையாமல் செய்கிறது. பபேசியா என்ற மற்றொன்று சிவப்பணுவுக்குள்ளேயே புகுந்து அதை உடைக்கிறது, அப்போது சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும். இரண்டும் ஒரே நாய்க்கு ஒரே நேரத்தில் இருப்பதும் உண்டு. இரண்டுக்கும் மருந்து வேறு என்பதால், இரத்தத்தை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்க்காமல் ஊசி போடச் சொல்லி மருத்துவரை வற்புறுத்தாதீர்கள்.

எர்லிக்கியாவுக்குக் கொடுக்கும் டாக்சிசைக்ளின் மாத்திரையை இருபத்தெட்டு நாள் கொடுக்க வேண்டும். மூன்றாம் நாளே நாய் எழுந்து வாலாட்டும். நான்காம் நாள் மாத்திரை அட்டை பரணுக்குப் போய்விடும். சில மாதம் கழித்து மச்சை வற்றிய நிலையில் அதே நாய் திரும்பி வரும். அந்த நிலையைத் திருப்புவது மிகக் கடினம்.

உண்ணியைப் பொறுத்தவரை, நாயின் மேல் இருப்பவை கொஞ்சம். சுவர் வெடிப்பிலும், சாளை எனும் தோட்டத்து வீட்டின் கல்லிடுக்கிலும், அடுக்கி வைத்த மட்டையிலும் இருப்பவையே மிகுதி. வயிறு நிறைந்த ஒரு பெண் உண்ணி கீழே இறங்கி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மருந்து போட்டுவிட்டு இடத்தை விட்டுவிட்டால் இரண்டு வாரத்தில் பழைய நிலைதான். பிடுங்கிய உண்ணியை நகத்தால் நசுக்காமல் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். மாட்டுக்குத் தெளிக்கும் உண்ணி மருந்தை அதே அளவில் நாய்க்கு ஊற்றிக் குளிப்பாட்டி, நாய் நுரை தள்ளி விழுந்த பிறகு ஓடி வந்தவர்களை நான் எண்ணி வைக்கவில்லை.

மழைக்காலத்தில் நாய்க்கும் எலிக்காய்ச்சல் வருமா?

வரும், அதோடு, நாயிடமிருந்து வீட்டாருக்கும் பரவும். எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரில் நாய் இறங்கும்போது, புண்ணின் வழியாகவோ வாய், கண் வழியாகவோ கிருமி உட்புகுந்து சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்குகிறது. பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்து நெல்வயலில் திரியும் நாய் திடீரென்று வாந்தியெடுத்து, கண் மஞ்சளாகி, சிறுநீர் குறைந்தால் இதை நினையுங்கள். அந்த நாயின் சிறுநீரைக் கழுவும்போது கையுறையும் ரப்பர் காலணியும் வேண்டும்; வீட்டில் எவருக்காவது காய்ச்சல் வந்தால் “எங்கள் நாய்க்கு எலிக்காய்ச்சல்” என்று மருத்துவரிடம் வாய் திறந்து சொல்லவும் வேண்டும். கூட்டுத் தடுப்பூசியில் இதற்கான பகுதி உண்டு. அது ஆண்டுக்கு ஒரு முறை கட்டாயம்.

பாம்பு கடித்த நாய்க்கு விஷமுறிவு மருந்து உண்டா?

மனிதருக்குப் போடும் அதே மருந்துதான். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் சேர்த்துத் தயாரிக்கப்படுகிறது. சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இதற்கான விஷத்தை எடுத்துக் கொடுக்கிறது. நாய் சிறியது, மருந்தும் கொஞ்சம் போதும் என்று நினைக்க வேண்டாம். பாம்பு விட்ட விஷத்தின் அளவைப் பொறுத்தே மருந்து, நாயின் எடையைப் பொறுத்து அன்று.

நாய் பாம்பை முகர்ந்தோ மிதித்தோதான் கடி வாங்கும். ஆகவே முகமும் முன்காலும்தான் வீங்கும். கண்ணாடி விரியன் கடியில் வீக்கம் நிமிடக் கணக்கில் ஏறி, இரத்தம் உறையாமல் கசியத் தொடங்கும். சுத்தமான கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி இரத்தம் எடுத்து இருபது நிமிடம் அசையாமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். நீராகவே ஓடினால் விரியன் விஷம் வேலை செய்கிறது என்று பொருள். கட்டுவிரியன் கடித்தால் வீக்கமே இருக்காது. இரவில் கடி வாங்கிய நாய் விடியும்போது பின்கால் தள்ளாடி, குரைக்க முடியாமல், மூச்சு மட்டும் வாங்கிக்கொண்டு கிடக்கும். காயத்தைக் கீறுவது, உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்குவது எல்லாம் கேடு. நாயை நடக்க விடாமல் தூக்கிச் செல்லுங்கள். மருந்து இருக்கிறதா என்று புறப்படும் முன்பே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்; எல்லா இடத்திலும் அது இருப்பில் இருக்காது.

எல்லையோரத்தில் ஒரு சிக்கலும் உண்டு. கண்ணாடி விரியனை அக்கரையில் அணலி என்பார்கள், நாகத்தை மூர்க்கன் என்பார்கள். பெயரைச் சொல்லிக் குழப்புவதை விட, தூரத்தில் நின்று பாம்பின் படத்தைக் கைப்பேசியில் எடுத்துக் காட்டுவது மேல். மலையோர ஏலத்தோட்டங்களிலும் காப்பித் தோட்டங்களிலும் இருக்கும் கூர்மூக்குக் குழிவிரியனுக்கு இந்த மருந்து வேலை செய்யாது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்; அந்தக் கடிக்கு உறுப்புகளைத் தாங்கும் சிகிச்சை மட்டுமே உண்டு.

காட்டுப்பன்றி கிழித்த காயத்தை வீட்டிலேயே தைத்துக் கட்டலாமா?

கூடாது. பன்றியின் கோரைப்பல் வெளியே இரண்டு அங்குலம் கிழித்திருந்தால் உள்ளே ஒரு சாண் போயிருக்கலாம். வெளிவாயை மட்டும் தைத்தால் உள்ளே சீழ் கட்டும். குடல் வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ளாதீர்கள். காய்ச்சி ஆறிய உப்புநீரில் நனைத்த சுத்தமான வேட்டித் துணியால் மூடி, துணி காயாமல் பார்த்துக்கொண்டு புறப்படுங்கள். மார்பில் ஓட்டை விழுந்து மூச்சு விடும்போது சீறும் ஓசை கேட்டால், உடனே சுத்தமான பிளாஸ்டிக் தாளை வைத்துக் கையால் மூடிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பன்றிக்காகத் தீனிக்குள் மறைத்து வைக்கும் வெடியான அவுட்டுக்காயைக் கடித்துத் தாடை சிதறிய நாய்களைப் பற்றியும் கேட்கிறார்கள். 2020 மே மாதத்தில் பாலக்காடு மாவட்டத்தில் கருவுற்ற யானை ஒன்று வாய் சிதைந்து ஆற்றில் நின்றபடியே இறந்தது நாடெங்கும் செய்தியானது. அதே மாதிரி வெடியில் வாயிழந்த நாய்களுக்குச் செய்தி கிடையாது. வெடி வைப்பது குற்றம். அண்டைத் தோட்டத்தாரோடு மனக்கசப்பு வருமே என்று கூசாமல் வனத்துறைக்குச் சொல்லிவிடுவது நல்லது; நாளைக்கு அதை எடுப்பது பிள்ளையாகவும் இருக்கலாம்.

காயத்தில் புழு வைத்துவிட்டது, ஃபினாயில் ஊற்றலாமா?

புழு சாகும், சதையும் வெந்துபோகும், நக்கும் நாயின் வயிற்றுக்கும் விஷம் போகும். மருத்துவமனையில் டர்பென்டைன் எண்ணெய் நனைத்த துணியைக் குழிக்குள் வைத்து, புழுக்கள் மேலே வந்ததும் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுப்பார்கள். காதுக்குள்ளும் வால் அடியிலும் ஆழமாகப் போன குழியை மயக்க மருந்து கொடுத்துத்தான் துப்புரவாக்க முடியும். முடி அடர்ந்த நாய்க்கு நாற்றம் வந்தால் முடியைப் பிரித்துப் பாருங்கள். நாயின் சொந்தக்காரருக்குத் தெரியும் முன்பே ஈக்குத் தெரிந்துவிடுகிறது.

வண்டியில் அடிபட்ட நாய் எழுந்து நடக்கிறது. ஆபத்து நீங்கிவிட்டதா?

இல்லை, இந்தக் கேள்விக்கு எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் என் வீட்டு நாய் ஒரு இருசக்கர வண்டியில் மோதி, எழுந்து உதறிக்கொண்டு வீட்டுக்கு வந்து சோறும் தின்றது. காலில் சிராய்ப்பு மட்டும்தான் என்று மஞ்சள் தடவினேன். மாலையில் ஈறைப் பார்த்தபோது சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் இரத்தம் நிறைந்துகொண்டிருந்தது. வேலையே அதுவாக இருந்த எனக்கும் அன்று காலையில் உதட்டைத் தூக்கிப் பார்க்கத் தோன்றவில்லை.

அடிபட்ட நாயை முதல் நாள் முழுக்க மணிக்கு ஒரு முறை கவனியுங்கள். ஈறு வெளுக்கிறதா, வயிறு உப்புகிறதா, மூச்சு வயிற்றால் இழுக்கிறதா, சிறுநீர் போகிறதா என்பதுதான் கேள்வி. உதரவிதானம் கிழிந்து குடல் மார்புக்குள் ஏறிய நாய் சில நாள் கழித்தும் மூச்சுத் திணறலாம். பின்கால் இழுத்தால் தண்டுவடத்தில் அடி இருக்கலாம் என்று கொண்டு, பலகையிலோ கதவுப் பலகையிலோ அசையாமல் படுக்க வைத்துத் தூக்குங்கள். வலியில் துடிக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கும். நீளத் துணியால் வாயைச் சுற்றிக் கட்டலாம், ஆனால் வாந்தி வருகிற அல்லது மூச்சுத் திணறுகிற நாய்க்கு அப்படிக் கட்டக் கூடாது. மனிதருக்கான பாராசிட்டமால், புரூஃபன் மாத்திரைகளை எந்த அளவிலும் கொடுக்காதீர்கள். வலியைத் தணிப்பதற்காகக் கொடுத்த மாத்திரை கல்லீரலையும் சிறுநீரகத்தையும் குலைத்ததே பல நேரம் நடக்கிறது.

தோட்டத்தில் நாய்க்கு நஞ்சாகும் பொருள்கள் எவை?

எலி மருந்தும் பூச்சி மருந்தும் எல்லோருக்கும் தெரியும்; கோகோ தெரியாது. நம் தென்னைக்கு ஊடுபயிராகக் கோகோ வந்த பிறகு, களத்தில் காயும் கொட்டையையும், மூடாக்காகப் போட்ட தோலையும் நாய் தின்பதற்கு வழி உண்டாகிவிட்டது. சாக்லேட்டில் நாய்க்கு நஞ்சாகும் தியோபுரோமின் அந்தக் கொட்டையில்தான் உற்பத்தியாகிறது. வாந்தி, ஓயாத ஓட்டம், இதயம் தாறுமாறாகத் துடிப்பது, வலிப்பு என்று போகும். வெங்காயம், திராட்சை, சர்க்கரைக்குப் பதிலாகச் சில இனிப்புகளில் சேர்க்கும் சைலிட்டால் ஆகியவையும் ஆகாதவை.

எலி மருந்தில் இருவகை உண்டு. இரத்தம் உறையாமல் செய்யும் வகையைத் தின்ற நாய் மூன்று முதல் ஐந்து நாள் நன்றாக இருந்துவிட்டு, பிறகு இரத்தம் கசியத் தொடங்கும். தின்றது தெரிந்த அன்றே வந்தால் வைட்டமின் கே-1 கொடுத்துக் காப்பாற்றிவிடலாம்; பல வாரம் தொடர வேண்டும். கறுப்புப் பொடியாக விற்கும் துத்தநாகப் பாஸ்பைடு வேறு. வயிற்றமிலத்தில் கலந்ததும் நச்சு வாயுவாகிறது. அந்த நாய் வாந்தியெடுக்கும்போது நீங்களும் அதை முகராதபடி காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். உப்புக் கரைசல் ஊற்றி வாந்தியெடுக்க வைப்பதைக் கைவிடுங்கள். உப்பே நாயைக் கொல்லக்கூடும். மருந்து டப்பாவை அப்படியே எடுத்துக்கொண்டு வாருங்கள்.

கோடையில் கட்டியிருந்த நாய் மயங்கி விழுந்தால்?

பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று மார்ச்சிலும் ஏப்ரலிலும் வெப்பக் காற்றாக மாறிவிடும். பாலக்காட்டில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாள்கள் உண்டு. தகரக் கொட்டகையில் சங்கிலியில் கிடக்கும் நாயும், மூக்கு சப்பையான பக் இன நாயும்தான் முதலில் விழும். உடல் வெப்பம் 105 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிவிட்டால் மருத்துவமனைக்கு ஓடுவதற்கு முன் குளிர்விக்க வேண்டும். நிழலுக்குக் கொண்டுவந்து குழாய்த் தண்ணீரை வயிறு, தொடை இடுக்கு, அக்குள் முழுக்க ஊற்றி விசிறுங்கள். ஈரத்துணியைப் போர்த்தி வைத்தால் சூடு உள்ளேயே தங்கிவிடும். 103-க்கு இறங்கியதும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். நாய் எழுந்து நின்றுவிட்டாலும் போகத்தான் வேண்டும். சிறுநீரகம் பழுதாவதும் இரத்தம் உறையாமல் போவதும் இரண்டு மூன்று நாள் கழித்துத் தெரிய வரும்.

திடீரென்று வயிறு பானையாக உப்பி, வாந்தி வராமல் ஓங்கரிக்கிறது. வாயு மருந்து போதுமா?

போதாது. மார்பு ஆழமான பெரிய நாய்களில் இரைப்பை காற்றால் உப்பி, தன் அச்சிலேயே முறுக்கிக்கொள்வதால் இது நேர்கிறது. சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் இரைப்பைச் சுவர் அழுகிவிடும். நள்ளிரவாக இருந்தாலும் வண்டியை எடுங்கள். நாள் முழுவதும் பட்டினி, இரவில் ஒரே வேளை வட்டில் நிறையச் சோறு என்ற தோட்டத்து வழக்கத்தை இரண்டு வேளையாகப் பிரிப்பது நல்லது.

பெண் நாய்க்கு மட்டும் வரும் ஆபத்தான நோய் உண்டா?

கருப்பையில் சீழ் கட்டுவது. பருவம் வந்துபோன நான்கு முதல் எட்டு வாரத்தில், கருத்தடை செய்யப்படாத நாய் நிறையத் தண்ணீர் குடித்து, நிறைய சிறுநீர் கழித்து, உணவை ஒதுக்கினால் உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும். சீழ் வெளியே வடிந்தால் தெரிந்துவிடும். கருப்பை வாய் மூடிக்கொண்டால் தெரியாது, அதுதான் கொடியது. கருப்பையை எடுத்துவிடுவதே உறுதியான சிகிச்சை.

நாயின் பிறப்புறுப்பில் காலிஃபிளவர் போல் வளர்ந்து இரத்தம் சொட்டுகிறது. புற்றுநோய் என்றால் விட்டுவிட வேண்டியதுதானா?

விட வேண்டாம். இது இணைசேரும்போது ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்குப் புற்றணுவே நேரடியாகத் தாவி ஒட்டிக்கொள்ளும் விநோதமான கட்டி. வாரம் ஒன்றாகச் சில வாரம் நரம்பில் போடும் வின்கிரிஸ்டின் ஊசியில் பெரும்பாலும் முழுதாகக் கரைந்துவிடும். அந்த மருந்தின் மூலம் நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணிதான். அதற்காக இலையை அரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். அந்தச் செடி அப்படியே தின்றால் நஞ்சு.

கால்நடை ஆம்புலன்ஸ் நாய்க்கும் வருமா?

1962 என்ற எண் எல்லையின் இரு பக்கமும் உண்டு. ஆனால் அந்த வண்டிகள் முதன்மையாக மாடு, ஆடுகளுக்காக ஏற்பட்டவை. நாய்க்கு அதையே நம்பிக் காத்திருக்க முடியாது. அறுவை சிகிச்சை தேவைப்படும் நாயை இக்கரையில் உடுமலைப்பேட்டையிலும் அக்கரையில் மண்ணுத்தியிலும் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளுக்குக் கொண்டு செல்வார்கள். தடுப்பூசிச் சீட்டை மடித்து வண்டி ஆவணங்களோடு வைத்திருங்கள். அவசரத்தில் தேடினால் கிடைக்காது.

நோயில் இறந்த நாயைப் புதைத்த பிறகு, அடுத்த குட்டியை எப்போது கொண்டு வரலாம்?

கிணற்றிலிருந்தும் வாய்க்காலிலிருந்தும் தள்ளி, நரியும் மற்ற நாய்களும் தோண்டாத ஆழத்தில் புதையுங்கள். வெறிநோய் என்ற ஐயம் இருந்தால் உடலைத் தொடும் முன் மருத்துவமனைக்குத் தெரிவித்துவிட வேண்டும். மூளையைச் சோதித்தால்தான் கடிபட்டவர்களின் சிகிச்சை தெளிவாகும்.

டிஸ்டெம்பர் வைரஸ் வெயிலில் விரைவாக அழிந்துவிடும். பார்வோ அப்படியில்லை, மண்ணில் மாதக்கணக்கில், சில இடங்களில் ஓராண்டு வரை உயிர்ப்போடு கிடக்கும். ஃபினாயிலும் சானிடைசரும் அதை அசைப்பதில்லை. சிமெண்டுத் தரையானால், மலத்தையும் அழுக்கையும் முதலில் தேய்த்துக் கழுவிவிட்டு, ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிடலாம். மண் வாசலுக்கு அந்த வழி இல்லை. அந்த வீட்டுக்குக் குட்டியைக் கொண்டு வருவதை விட, எல்லா ஊசியும் முடித்த வளர்ந்த நாட்டு நாய் ஒன்றைக் கொண்டு வருமாறு நான் சொல்வது வழக்கம். குட்டிதான் வேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடித்தால், பதினாறு வார ஊசி முடிந்து இரண்டு வாரம் கழியும்வரை அதைப் பழைய வீட்டிலேயே வைத்திருக்கச் சொல்லிக் கேளுங்கள்.